சித்தப்பாவின் பக்கத்துப் பாய்

முப்பத்தொரு வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணத்துக்காக விடவில்லை, வெளிநாட்டுக்காக விடவில்லை. என் வேலை பேசுவது. பேசிப் பேசித் தொண்டைக்குள் முடிச்சு விழுந்துவிட்டது. "இனிமே பேசற வேலை வேண்டாம்மா" என்றார் டாக்டர். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இது.

மேற்கு தாம்பரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் எங்கள் குடும்ப ஆலோசனை மையம். இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் என்னை 'ரிட்டயர்டு அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். போன மாதம் அவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்ததாம். திரையில் படம் போட்டு, மதப் பிரிவு என்றால் இப்படி, கல்ட் என்றால் இப்படி என்று பச்சையிலும் சிவப்பிலும் பிரித்துக் காட்டினார்களாம். ஒரு மதத்துக்குள் வேறு கருத்தோடு கிளை பிரிந்து போனால் அது பிரிவு. ஒரே ஒரு ஆளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் உதறினால் அது கல்ட். "படத்துல ஈஸியா இருக்குக்கா. நேர்ல எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார்கள். நான் ஒரு தடவைதான் கண்டுபிடித்தேன். கூட வேலை பார்த்த விஜிக்கு முன்னால் நான் கண்டுபிடித்தது அது ஒன்றுதான், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

சமூகப்பணி படித்து முடித்த கையோடு இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன். விஜியும் அதே வாரம் சேர்ந்தாள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஓடுவேன், விஜி நடப்பாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சேருவோம், எனக்கு மட்டும் மூச்சு வாங்கும். அவள் கையெழுத்து அச்சு மாதிரி. அழுகிற ஆளுக்குத் தண்ணீர் கொடுத்தால்கூட டம்ளர் சத்தம் கேட்காது.

எங்கள் தலைவி ஷம்ஷாத் மேடம். பல்லாவரத்துக்காரர். வீட்டு ஆண்கள் தோல் வியாபாரம். காலையில் பெரிய ஃப்ளாஸ்க்கில் இஞ்சி டீ கொண்டுவருவார். பதினோரு மணிக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். முதல் கப் விஜிக்கு. இரண்டாவது எனக்கு. ஒரு நாள்கூட மாறியதில்லை. ஒருமுறை வேண்டுமென்றே விஜிக்கு முன்னால் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடம் கையை நீட்டி, என்னைத் தாண்டி, விஜிக்கே முதலில் கொடுத்தார்.

மேடத்தின் வேலைமுறையை அப்படியே எழுதி வைக்க ஆசை. புகாரோடு வருகிறவர் முதல் நாளில் 'கல்ட்' என்ற சொல்லையோ 'மூளைச் சலவை' என்ற சொல்லையோ எடுத்தால் மேடம் கையைக் காட்டி நிறுத்துவார். "பேரு அப்புறம் வெக்கலாம். போன ஞாயித்துக்கிழமை காலைல எழுந்ததுலேருந்து என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க." எதிரே உட்கார மாட்டார், அவர்கள் பக்கமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: "உங்களுக்கு வந்திருக்கறது கோவமா, பயமா, பொறாமையா?" யாரும் பொறாமை என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் அந்தக் குழுவுக்கு நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு பேர், தனித்தனி நாளில். புகார் கொடுத்தவரோடு போகக் கூடாது, குழுவில் இருப்பவரோடுதான் போக வேண்டும். நாம் யார் என்பதை மறைக்கக் கூடாது. கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். அங்கே எதையும் எழுதக் கூடாது. இரண்டு பேரும் போய்வரும் வரை ஒருவரிடம் ஒருவர் வாய் திறக்கக் கூடாது.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "சண்டை இருக்கா பாரு" என்பார் மேடம். "எங்க வூட்டுக்காரர் பக்கம் தொழுகைல ஆமீனை சத்தமா சொல்லுவாங்க. எங்க அத்தா பக்கம் மெதுவா. ரெண்டு பக்கமும் அதுக்கு வாதம் பண்ணுவாங்க, அப்புறம் ஒரே சஹன் தட்டைச் சுத்தி உக்காந்து சாப்பிடுவாங்க. நாமத்துக்கு சண்டை போடறவங்களும் அப்படித்தான், கம்மல் போடலாமா கூடாதான்னு சண்டை போடற சபைக்காரங்களும் அப்படித்தான். பிரிவுன்னா வாதம் இருக்கும். பணம் பிடுங்கறாங்களா, வெளிய போக வுடறாங்களா, அதையும் பாரு."

இந்தப் பாடத்தையெல்லாம் விஜி மனப்பாடமாக வைத்திருந்தாள்.

சம்பத் என்பவர் வந்தது ஒரு மழைக்கால மதியம். பம்மலில் லேத் பட்டறை வைத்திருந்தார். கையில் எண்ணெய்க் கறை போகவே போகாது போல. மனைவி கலைச்செல்வி மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறாள். அங்கே ஒருவர். முன்பு மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். எல்லோரும் அவரைச் 'சித்தப்பா' என்கிறார்கள். பொங்கல் கழிந்ததும் வீட்டைவிட்டு அங்கேயே போய்த் தங்கப் போவதாகக் கலைச்செல்வி சொல்லிவிட்டாள். பத்து வயதில் ஒரு பெண் குழந்தை, நித்யா. அவளையும் விட்டுவிட்டுத்தான்.

"ஸ்டேஷனுக்குப் போனேன் மேடம். இன்ஸ்பெக்டர் இன்னா சொல்றாரு, சாமி விசயம்னா நான் கை வெக்க முடியாது, கல்ட்டுன்னு அந்த ஆபீஸ்ல எழுதி வாங்கினு வா, அப்பப் பாக்கலாம்ன்றாரு."

"வீட்ல என்ன சொன்னீங்க?"

"கல்யாணத்துல மாமனார் ஒருத்தர்தான் குடுத்தாங்க, இப்ப இன்னாத்துக்கு சின்ன மாமனாரு வேறன்னு கேட்டேன். அன்னிலேருந்து பேசறதில்ல."

விஜி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் அடக்கவில்லை. மேடம் தன் கேள்வியைக் கேட்டார். கோவமா, பயமா, பொறாமையா? சம்பத் கைக்கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பொறாமதான் மேடம். சனிக்கிழம ராத்திரியே பொடவைய எடுத்து அயர்ன் பண்ணி வெச்சுடறா. எனக்கோசரம் ஒருநாளும் அப்படி வெச்சதில்ல. நாத்திக்கிழம காத்தால அவ மூஞ்சப் பாக்கணுமே, கல்யாணப் பொண்ணு மாரி கீது."

அந்த நிமிடமே அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

முதலில் விஜிதான் கலைச்செல்வியோடு போய்வந்தாள். விதிப்படி என்னிடம் மூச்சு விடவில்லை. அடுத்த ஞாயிறு நான் போனேன். தாம்பரம் ஸ்டேஷனில் கலைச்செல்வி காத்திருந்தாள். என் வயதுக்கு நாலைந்து கூட இருக்கும். மடிப்புக் கலையாத மாம்பழ நிறப் புடவை. சுரங்கப்பாதை தாண்டிக் கிழக்குப் பக்கம் வந்து, மாடம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினோம். வழியெல்லாம் அவள் ஒன்றுதான் கேட்டாள்: "மணி என்னங்க ஆவுது?" முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் முன்னால் உட்கார முடியுமாம்.

ஓட்டு வீடு, பின்னால் புதிதாகக் கட்டிய கூடம். வாசல் கேட்டில் பூட்டு இல்லை. உண்டியல் இல்லை. கூடத்தில் கோரைப் பாய்களை வரிசையாக விரித்திருந்தார்கள். முன்னால் ஒரு பாய் அவருக்கு. அதற்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இன்னொரு பாய். அது காலியாக இருந்தது. அறுபது எழுபது பேர் இருந்தார்கள், எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா வந்தார். அரைக்கைச் சட்டை, கைக்கடிகாரம், நன்றாக வாரிய தலை. தாடியில்லை, காவியில்லை. பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தார், எல்லோரும் உட்கார்ந்தோம். பிறகு மெதுவாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு வரிசையைத் தாண்டும்போது அந்த வரிசை முதுகு நிமிரும், தாண்டியதும் தொங்கிவிடும்.

"வாம்மா" என்று ஓர் இளம்பெண்ணை அழைத்தார். அவள் எழுந்துபோய் அந்தப் பாயில் உட்கார்ந்தாள்.

எனக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா கலைச்செல்வியின் காதில் ஊதினாள். "திரும்பவும் அந்த நர்ஸு பொண்ணுதான். ஆடி மாசம் பூரா நீதானே உக்காந்திருந்த? இன்னா தப்பு பண்ண?"

கலைச்செல்வியின் பார்வை அந்த நர்ஸ் பெண்ணின் முதுகில் குத்தி நின்றது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு மணி டீ வேளையில் என் முகத்தில் இருக்கும் பார்வை அது.

சண்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது! சுக்குக் காப்பி கொடுக்கும்போது யார் டம்ளர் கழுவுவது, யார் கூடம் பெருக்குவது என்று கடுகடுவென்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி மற்றவள் டிவி பார்த்ததைச் சித்தப்பாவிடம் சொன்னாள். ஆனால் சாமியைப் பற்றி ஒரு வாதம் இல்லை. எதைக் கும்பிடுவது, எப்படிக் கும்பிடுவது, ஒன்றும் இல்லை. எல்லாச் சண்டையும் அந்தப் பாய்க்குப் போகிற வழியில் நடந்த சண்டை.

காப்பி முடிந்து மறுபடி உட்கார்ந்தபோது சித்தப்பா என்னைப் பார்த்தார். "தாம்பரம் ஆபீஸ்லேருந்து வந்த பொண்ணா? தொண்டை கட்டியிருக்கு. பேசிப் பேசிக் களைச்சிருக்க. இங்க வா."

போனேன். அந்தப் பாயில் உட்கார்ந்தேன். அவர் குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நீ ரெண்டாவதா நிக்கறவ இல்லம்மா."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அறுபது பேர் கண்ணும் என் முதுகில் சுட்டது, அந்தச் சூடுகூட நன்றாகத்தான் இருந்தது. விஜி இப்போது என்னைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் கலைச்செல்வி என்னோடு ஆட்டோ ஏறவில்லை. அடுத்த ஆட்டோவில் வந்தாள்.

மறுநாள் டீ வேளையில் மேடம் கேட்டார். முதலில் விஜி, வழக்கம்போல. அச்சடித்த மாதிரி சொன்னாள்: பணம் கேட்பதில்லை, கேட் திறந்திருக்கிறது, பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அவரவர் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போக விடுகிறார்கள், சின்னச் சின்னச் சண்டைகூட இருக்கிறது. வழிபாட்டுக் குழுதான். கல்ட் என்று எழுத ஆதாரம் இல்லை. மேடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தலையாட்டல் எனக்கு எப்படியிருக்கும் தெரியுமா?

"மேடம், அங்க நடக்கறது பூரா பொறாமை" என்றேன். பாயைப் பற்றிச் சொன்னேன். கலைச்செல்வி பார்த்த பார்வையைச் சொன்னேன். "கோயில்ல எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னா எரிச்சல் வரும். சாமி அவருக்குத்தான், எனக்கு இல்லன்னு வயிறு எரியாது. இங்க எரியுது."

"பொறாமைய வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாதும்மா" என்றார் மேடம்.

"என்னையும் அந்தப் பாய்ல உக்கார வெச்சார்" என்றேன்.

"என்னையும்தான்" என்றாள் விஜி சாதாரணமாக. "காதுல என்னவோ சொன்னார். நீ ரெண்டாவதா நிக்கறவ இல்லன்னு. எதுக்குச் சொன்னார்னே புரியல."

அவளுக்குப் புரியாதுதான். இரண்டாவதாக நின்றிருந்தால் அல்லவா புரியும்! எனக்கு மட்டும் சொன்னதாக நான் ஓர் இரவு முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவள் டீயில் பிஸ்கட் நனைப்பதுபோல் மேசையில் போட்டாள். ஆனால் மேடம் கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வாக்கியமா?"

"ஆமா மேடம்."

"அப்ப தப்பான ஆளை முதல்ல அனுப்பிட்டேன்" என்றார். விஜியின் முகம் கொஞ்சமாகச் சுருங்கியது. அதை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், அப்படிப் பாத்தா நம்ம ஆபீஸும்தான். உங்க முதல் கப்புக்கு..."

"நாளைக்கு உனக்கு இதைவிட நல்ல வேலை கெடச்சா, சிபாரிசுக் கடிதம் நானே எழுதித் தருவேன். அந்தச் சித்தப்பா எழுதுவாரா, கேட்டுப் பாரு" என்றார். கோபப்படவில்லை. முதல் கப்பைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே சம்பத்தையும் கலைச்செல்வியையும் வரவழைத்தார். நித்யாவையும் கூட்டி வந்திருந்தார்கள். குழந்தையை விஜி அடுத்த அறைக்கு அழைத்துப் போனாள். கலைச்செல்வி உள்ளே வந்ததும் மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எதுக்குடி அந்தப் பாய்? நீ இன்னா பண்ண? ஒரே ஒரு நாள் வந்த. காப்பி டம்ளர்கூட கழுவல!"

சம்பத் எழுந்தார். மேடம் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். சண்டையை நிறுத்தவே இல்லை.

"அவர் கூப்ட்டாரு, போனேன்" என்றேன். எனக்கும் சூடு ஏறிவிட்டது. "உங்களை ஏன் கூப்பிடலன்னு அவரைக் கேளுங்க."

"நான் இன்னா கேக்காமயா இருந்தேன்? ஆடி பூரா என்னைத்தான் பக்கத்துல வெச்சிருந்தாரு. அந்த நர்ஸு வந்தா, அவ்ளோதான். அவ ஹாஸ்டல வுட்டுட்டு அங்கயே வந்துட்டாளாம். சரி, நானும் வூட்ட வுட்டு வந்துடறேன்னு சொன்னேன். சிரிச்சாரு. அதுக்கப்புறமும் அவளைத்தான். அவளாவது பரவால்ல, நேத்து வந்த நீயி..."

அதோடு நின்றுவிட்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டியை அறிவிக்கும் குரல் கேட்டது.

"பாய்க்கா கலை?" என்றார் சம்பத். "நம்ம வூட்ல பாய் இல்லியா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். கலைச்செல்வி முகத்தை மூடிக்கொண்டாள்.

மேடம் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. சித்தப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "கொஞ்ச வாரம் போகாம இரும்மா. ஏன் வரலன்னு சொல்லியும் அனுப்பாத. எங்க தெருப் பள்ளிவாசல்ல ஒரு பெரியவர் ரெண்டு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வரலன்னா நாலு பேர் அவர் வாசல்ல நிப்பாங்க, உடம்புக்கு என்னன்னு. சில எடத்துலேருந்து மெரட்ட வருவாங்க. வந்தா அதுவும் தெரிஞ்சுடும். யாரும் வரலன்னா அதுவும் ஒரு பதில்தான். பொங்கலுக்கு அப்புறமும் போகணும்னு தோணுச்சுன்னா போ, உன்னை யாரும் கட்டி வெக்க முடியாது."

சம்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், போன்னு சொல்றீங்களே!"

"நீங்க வாயைத் திறக்காம இருக்கணும். சின்ன மாமனார் ஜோக்கெல்லாம் கூடாது."

பொங்கல் வந்தது, போனது. அதன் பிறகு மூவரும் மாடி ஏறி வந்தார்கள். கலைச்செல்வி இளைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னாள்: "ஒருத்தரும் வரல மேடம். அந்த காதுல பேசற அம்மா பம்மல் மார்க்கெட்டுல எதிர்ல வந்தா. பாக்காத மாதிரி போயிட்டா." பிறகு அழுதாள். சாவு வீட்டில் அழுவதுபோல அழுதாள். சம்பத்துக்கு வாயெல்லாம் பல். மேடம் ஒரு முறை முறைத்ததும் பல்லை உள்ளே வைத்துக்கொண்டு, மனைவியின் கைப்பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குப் போன அறிக்கையில் பிரிவு என்றும் இல்லை, கல்ட் என்றும் இல்லை. கலைச்செல்வி தன் விருப்பத்தில் குடும்பத்தோடு இருக்கிறார் என்று மட்டும் இருந்தது. கையெழுத்து விஜியுடையது. அவள் கையெழுத்து அழகாக இருக்கிறதாம்.

அவர்கள் கிளம்பும்போது நான் படிவரை போனேன். கலைச்செல்வி நின்றாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும். நீ அங்க திரும்ப போனியா?"

"இல்ல."

"போவியா?"

"மாட்டேன்."

"அவரே கூப்ட்டா?"

அந்த வாக்கியம் எனக்கு இன்னும் காதில் இருந்தது. விஜிக்கும் சொன்னதுதான், நர்ஸுக்கும் சொல்லியிருப்பார், தெரிந்தும் இருந்தது.

"கூப்ட்டாலும் மாட்டேன்."

"பாப்பா தலைல கை வெச்சு சொல்லு."

நித்யாவின் எண்ணெய் வைத்த தலையில் கை வைத்துச் சொன்னேன். கலைச்செல்வி நீளமாக மூச்சு விட்டாள். முகம் தெளிந்தது. மேடத்தின் முறையெல்லாம் செய்யாத வேலையை அந்தச் சத்தியம் செய்தது. நான் போகாத வரைக்கும் அவளும் போக மாட்டாள். இன்றுவரை நானும் போகவில்லை, அவளும் போகவில்லை.

நர்ஸ் பெண்ணைப் பற்றிக் கேட்டு எங்கள் மாடிக்கு யாரும் ஏறி வரவே இல்லை. அம்மா வரவில்லை, அண்ணன் வரவில்லை, ஹாஸ்டல் தோழி ஒருத்தி வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி அவள் புடவை தேய்ப்பதைப் பார்த்து வயிறு எரிய அவளுக்கென்று ஓர் ஆள் இல்லை.